ஐந்தாம் சக்கரமும் கடைசி வண்டியும்



ஜொகூர் நீரிணையின் கரையில் உள்ள பாசிர் கூடாங் என்ற ஊரை நீங்கள் அறிவீர்கள். மலாய் மொழியில் 'பாசிர்' என்றால் மணல். 'கூடாங்' என்றால் பொருள்களைச் சேர்த்து வைக்கும் இடம். இந்தக் 'கூடாங்' நமது 'கிடங்கு' என்னும் சொல்லின் உறவு என்று மொழியறிஞர்கள் கருதுகிறார்கள். பெயருக்கு ஏற்றாற்போல் 1977-ஆம் ஆண்டில் அங்கே ஒரு துறைமுகம் இயங்கத் தொடங்கியது. அதற்கு முன், ஜொகூர்த் தோட்டங்களின் ரப்பரும் பாமாயிலும் பெரும்பாலும் 1924-இல் திறக்கப்பட்ட தரைப்பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் போய்த்தான் கப்பல் ஏறின. இன்று நம்முடைய பிள்ளைகள் பலர் பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு மோட்டார் சைக்கிளில் போய் வருகிறார்கள். அவர்களோடு அதே சாலையில் நீண்ட நீண்ட கொள்கலன் லோரிகளும் போகின்றன.

அந்த லோரியைக் கவனித்துப் பாருங்கள். முன்னே தலை; பின்னே உடல். இரண்டும் ஒரே வண்டி போலத் தோன்றும். ஆனால் வளைவு வந்தால் தலை ஒரு பக்கமும் உடல் ஒரு பக்கமுமாக மடங்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் மூட்டுக்கு 'ஐந்தாம் சக்கரம்' என்று பெயர். உருளாத ஒரு பொருளுக்குச் சக்கரம் என்ற பெயர் எப்படி வந்தது? அப்படி இழுக்கப்படும் வண்டியின் பின்னால் இன்னொரு வண்டியையும் கட்டினால் என்ன ஆகும்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் வரலாற்றில் விடை தேடுவோம்.

நம் மாட்டுவண்டியிலிருந்தே தொடங்கலாம். மாட்டுவண்டிக்கு இரண்டே சக்கரங்கள். அது தனியாக நிற்காது. அதன் முன்பாரத்தை நுகத்தடி வழியாக மாடுகளின் கழுத்து தாங்க வேண்டும். பாரம் ஏற்றத் தெரிந்த வண்டிக்காரர் முன்பாரமும் பின்பாரமும் பார்த்துத்தான் மூட்டைகளை அடுக்குவார். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து புண்ணாகும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலே தூக்கும். வண்டி குடை சாயும். இந்த அறிவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரை இதுதான் நமக்கு வழிகாட்டி.

நான்கு சக்கரக் குதிரைச் சாரட்டு வந்தபோது ஒரு புதிய சிக்கல் எழுந்தது. முன் அச்சு திரும்பினால்தான் வண்டி வளையும். ஆகவே முன் அச்சுக்கும் வண்டிக்கூட்டுக்கும் நடுவில் ஓர் இரும்பு வளையத்தைப் படுக்கையாக வைத்தார்கள். அச்சு அந்த வளையத்தின் மீது உராய்ந்து திரும்பியது. தரையில் உருளும் சக்கரங்கள் நான்கு. படுத்துக் கிடக்கும் வளையம் ஐந்தாவது. பெயர் அப்படி வந்ததுதான்.

மோட்டார் காலம் பிறந்தது. 1914-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஆகஸ்ட் புருஹாஃப் என்ற கொல்லரிடம் ஒரு மர வியாபாரி வந்தார். தம்முடைய படகை ஏரிக்கரைக்குக் கொண்டுபோக ஒரு வண்டி வேண்டும் என்றார். புருஹாஃப் ஒரு ஃபோர்டு மோட்டார் வண்டியின் பின்பகுதியில் மூட்டு அமைத்து, முன்சக்கரமே இல்லாத ஓர் இழுவண்டியை அதில் பூட்டினார். அதன் முன்பாரம் மோட்டார் வண்டியின் மேல் அமர்ந்தது. பாதி பாரத்தைத் தான் சுமந்து, மீதியை இழுப்பவன் தோளில் வைக்கும் இந்த வண்டிக்கு 'அரை டிரெய்லர்' என்ற பெயர் நிலைத்தது. அது நம்முடைய மாட்டுவண்டியின் கணக்குத்தானே? மாட்டுக் கழுத்தின் இடத்தில் எந்திர வண்டியின் பின்னச்சு வந்தது. வேறுபாடு அவ்வளவுதான்.

இன்றைய லோரியில் அந்தப் பழைய வளையத்தின் இடத்தில் குதிரை லாட வடிவில் ஒரு கனத்த இரும்புத் தட்டு இருக்கிறது. டிரெய்லரின் அடியில் நீண்டு நிற்கும் ஓர் எஃகு முளை அந்தத் தட்டின் பிளவுக்குள் நுழைந்து பூட்டிக்கொள்கிறது. பொதுவாக அந்த முளையின் கனம் இரண்டே அங்குலம். அத்தனை டன் சரக்கும் அதை நம்பியே வருகிறது.

சரக்குக்கு மட்டுமா இந்த மூட்டு? விமானத் துறை முன்னோடிகளில் ஒருவரான கிளென் கர்ட்டிஸ் 1920-களின் பிற்பகுதியில் வாழ்வதற்கேற்ற வீட்டு வண்டிகளை இந்த முறையில் கட்டினார். அதிர்வு தெரியாமல் இருக்கக் காற்றடைத்த டயர் ஒன்றையே படுக்கையாக வைத்து மூட்டு செய்தார். இன்று வட அமெரிக்காவில் படுக்கையும் சமையலறையும் கொண்ட இத்தகைய வீட்டு வண்டிகளைச் சிறு லோரிகளில் பூட்டிக்கொண்டு குடும்பங்கள் ஊர் சுற்றுகின்றன. சிலருக்கு அதுவும் போதவில்லை. வீட்டு வண்டியின் வாலில் படகு வண்டியையும் கட்டிவிடுகிறார்கள். சில மாநிலங்கள் அதை நிபந்தனையோடு அனுமதிக்கின்றன. சில மாநிலங்கள் அடியோடு தடுக்கின்றன. ஏன் இந்தத் தயக்கம்?

முன்பாரம், பின்பாரம் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். இரண்டாவது வண்டியின் முன்பாரம் எங்கே போய் அமர்கிறது? முதல் வண்டியின் வாலில். வாலில் பாரம் அமர்ந்தால் அந்த முதல் வண்டிக்கு அது பின்பாரம். ஆகவே ஐந்தாம் சக்கரத்தின் மீது இருக்க வேண்டிய அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் வண்டி ஆடத் தொடங்கும். மேலும், ஐந்தாம் சக்கரம் இழுக்கும் வண்டியின் பின்னச்சுக்கு ஏறக்குறைய நேர்மேலே இருப்பதால் உறுதியாக நிற்கிறது. இரண்டாவது வண்டியின் கொக்கியோ அச்சுக்கு வெகுதூரம் பின்னால், வாலின் நுனியில் இருக்கிறது. வேகமாகப் போகும்போது ஓட்டுநர் திடீரென ஒரு சாண் விலக்கினால், கடைசி வண்டி அதைவிட அதிகமாக வீசும். சாட்டையின் கைப்பிடி சிறிது அசைந்தாலே நுனி சுளீரென்று வீசுவதில்லையா? அப்படித்தான்.

வரலாற்றிலே பலர் இந்தக் கடைசி வண்டியோடு போராடியிருக்கிறார்கள். 1870-களில் கிராம்ப்டன் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி, இந்தியாவில் பஞ்சாப் சாலைகளில் நீராவி எந்திரத்தின் பின்னால் வண்டிகளை வரிசையாகக் கட்டி ஓட்டினார். பிரெஞ்சுத் தளபதி ரெனார்டு 1903-இல் வேறொரு வழி கண்டார். ஒவ்வொரு வண்டிக்கும் தண்டு வழியாக எந்திர ஆற்றலை அனுப்பி, முன்வண்டி போன தடத்திலேயே பின்வண்டியும் போகும்படி இணைப்புக் கம்பிகள் அமைத்தார். 1934-இல் ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வட்டாரத்துக்கு, இரண்டு டிரெய்லர்களை இழுக்கும் ஒரு 'சாலை ரயிலை' அரசாங்கம் கொண்டுவந்தது. போருக்குப் பிறகு அதே ஊரைச் சேர்ந்த கர்ட் ஜோஹன்சன், தடம் பிடித்து வரும் டிரெய்லர்களைத் தாமே செய்து, மாடுகளை ஏற்றிச் சென்றார். ஆள் நடமாட்டம் குறைந்த அந்த நேரான நெடுஞ்சாலைகளில் இன்றும் மூன்று டிரெய்லர் கோத்த வண்டிகள் ஓடுகின்றன.

அப்படியானால் ரயில் மட்டும் எப்படி இத்தனை பெட்டிகளை இழுக்கிறது? பேராக்கின் ஜெண்டராட்டா தோட்டத்தில் செம்பனைக் குலைகளை ஏற்றிவரும் சிறு ரயில் பாதையைப் பார்த்தவர்களுக்கு விடை எளிது. அங்கே ஒவ்வொரு பெட்டியின் சக்கரத்தையும் தண்டவாளம் பிடித்து நடத்துகிறது. சாலையிலே தண்டவாளம் கிடையாது. கடைசி வண்டிக்கு வழிகாட்டுவது முன்வண்டியின் கொக்கி ஒன்றே.

பிரேக்கும் அப்படியே. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-இல் ரயிலுக்காக வகுத்த முறையின் அடிப்படையில்தான், காற்றுக் குழாய் அறுந்தால் டிரெய்லரின் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்கிறது. இது உயிர் காக்கும் அமைப்பு. ஆயினும் அழுத்தக் காற்று கடைசி வண்டிக்குப் போய்ச்சேரச் சிறிது நேரமாகும். தலை நின்றுவிட, பின்வண்டி முட்டித் தள்ளினால், மடக்குக் கத்தி போல இரண்டும் மடங்கிவிடும்.

துறைமுகச் சாலைக்கு இந்த மூட்டு எப்படி வந்தது? 1956 ஏப்ரல் 26-ஆம் நாள், மால்கம் மக்லீன் என்ற அமெரிக்க லோரி முதலாளி 58 கொள்கலன்களை 'ஐடியல் எக்ஸ்' கப்பலில் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாக இறக்காமல் பெட்டியோடு தூக்கி டிரெய்லரில் வைக்கும் முறை பரவியது. 1972-இல் சிங்கப்பூரின் தஞ்சோங் பகாருக்கு முதல் கொள்கலன் கப்பல் வந்தது. பாசிர் கூடாங் சாலையிலும் இந்த வண்டிகள் நிலைத்துவிட்டன.

நேயர்களே, இந்த வரலாற்றால் நமக்கு என்ன பயன்? மூட்டுள்ள வண்டியின் பின்பகுதி, தலை போன தடத்தில் அப்படியே போகாது. நீண்ட டிரெய்லர் மெதுவாக இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் உட்பக்கமாக வெட்டி வரும். தலை வலப்பக்கம் ஒதுங்கியதைக் கண்டு, இடப்பக்கம் இடமிருக்கிறது என்று மோட்டார் சைக்கிளை நுழைத்தால், அந்த இடம் கண்ணெதிரே மூடிக்கொள்ளும். அங்கே இருப்பவர் ஓட்டுநரின் கண்ணாடியிலும் தெரியமாட்டார். லோரி திரும்பி முடிக்கும்வரை பின்னாலேயே நில்லுங்கள். வேலைக்குப் புறப்படும் பிள்ளையிடம் இதைத் தாய் தந்தையர் சொல்ல வேண்டும்.

தோட்டத்து டிராக்டருக்கும் இதே பாடம்தான். குலைகளை டிரெய்லரின் பின்னால் மட்டும் குவித்தால் கொக்கி தூக்கும்; பாரம் சற்று முன்னுக்கு இருக்கட்டும். டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவிலுள்ள கம்பியில் ஒருவரும் ஏறி நிற்கக் கூடாது. வீட்டுக்குப் போகும் அவசரத்தில் ஏறி, தவறி விழுந்தால், அடுத்து வருவது பாரம் ஏற்றிய சக்கரம்.

முன்பாரம் பின்பாரம் பார்த்து மூட்டை அடுக்கிய வண்டிக்காரரின் அறிவு பழையதாகிவிடவில்லை. வண்டி நீளும்போது அந்தக் கணக்கும் கூடவே நீள்கிறது. கடைசி வண்டியை நினைத்து ஓட்டுகிறவரே நல்ல ஓட்டுநர். கடைசி வண்டியை நினைத்து ஒதுங்குகிறவரே வீடு வந்து சேர்கிற வழிப்போக்கர்.