மருந்துச் சீட்டு யார் பேச்சைக் கேட்கிறது?

மருத்துவர் எழுதித் தரும் மருந்து நோயாளிக்காகவா, மருந்து விற்பவருக்காகவா என்பது இன்றைய தலைப்பு. என் பங்குக்கு வரலாற்றுப் பக்கத்தைச் சொல்ல வந்திருக்கிறேன்.

சளி, காய்ச்சல் என்று சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மருந்தகத்துக்குப் போகிறோம். மருத்துவர் பார்த்து முடித்ததும் முகப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சிறு சிறு பிளாஸ்டிக் பைகளில் நாலைந்து வகை மாத்திரையை எடுத்து வைக்கிறார்கள். பணம் கட்டிவிட்டு வரும்போது, "இத்தனையும் தேவைதானா?" என்று வீட்டுக்காரம்மா கேட்பார். இந்தக் கேள்வி தேக்காவில் மட்டும் எழுவதல்ல. தமிழ்நாட்டில் மருந்தகம் என்றால் மருந்துக்கடை. சிங்கப்பூரில் நாம் மருத்துவர் உட்கார்ந்திருக்கும் இடத்தையே மருந்தகம் என்கிறோம். நம் ஊர் ஏற்பாட்டை அந்தச் சொல்லே காட்டிக் கொடுத்துவிடுகிறது. மருந்தை எழுதுகிறவரும் விற்கிறவரும் இங்கே ஒருவரே.

இந்த வழக்கத்தின் வேர் பழைய இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே மருந்து கலக்கி விற்றவர்கள், பட்டம் பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் நோயாளியைப் பார்க்கக்கூடாது என்று மருத்துவர் கல்லூரி வழக்குப் போட்டது. லண்டனைச் சேர்ந்த வில்லியம் ரோஸ் என்ற மருந்து வணிகர் மேல் தொடுத்த அந்த வழக்கில், 1704ல் பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நோயாளியைப் பார்க்கலாம், ஆனால் ஆலோசனைக்குக் கட்டணம் வாங்க முடியாது. மருந்துக்குத்தான் காசு என்பதே நிலைமை. அப்படியானால் பிழைப்புக்கு என்ன வழி? மருந்தைக் கூடுதலாகக் கொடுப்பதுதான். சந்தேகம் அன்றைக்கே பிறந்துவிட்டது என்பேன். 1911ஆம் ஆண்டின் தேசியக் காப்புறுதிச் சட்டம் பிரிட்டனில் எழுதும் கையையும் விற்கும் கையையும் பெருமளவு பிரித்தது. தென்கொரியா 2000ல்தான் பிரித்தது. அங்கே மருத்துவர்கள் மருந்தகங்களை மூடி வேலைநிறுத்தமே செய்தார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தனியார் மருந்தகங்களில் பழைய முறை தொடர்கிறது. அது நோயாளிக்கு வசதி என்பதை நான் மறுக்கவில்லை. காய்ச்சலோடு இன்னொரு கடைக்கு யார் அலைவது?

வசதி எங்கே வம்பாகும் என்பதைச் சுபுடெக்ஸ் விவகாரம் காட்டியது. ஹெராயின் பழக்கத்திலிருந்து மீட்க, நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கும் புப்ரெனார்பின் மாத்திரை அது. 2000களின் தொடக்கத்தில் பொது மருத்துவர்கள் அதைத் தங்கள் மருந்தகங்களிலேயே கொடுத்தார்கள். முறையாகக் கண்காணித்துக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். கேட்டவருக்கெல்லாம் கொடுத்தவர்களும் இருந்தார்கள். பழக்கத்துக்கு அடிமையானவர்கள் அதைப் பொடியாக்கி, டார்மிக்கம் என்ற தூக்க மருந்தோடு கலந்து இரத்தக் குழாயில் ஏற்றிக்கொண்டார்கள். கிருமித் தொற்றில் இதயம் கெட்டவர்கள், கை கால் அழுகியவர்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். 2006 ஆகஸ்ட் 14ஆம் தேதி அரசாங்கம் சுபுடெக்ஸை 'ஏ' பிரிவுப் போதைப்பொருளாக அறிவித்தது. தகாத முறையில் கொடுத்த மருத்துவர்கள் சிலரைச் சிங்கப்பூர் மருத்துவ மன்றம் தொழிலிலிருந்து இடைநீக்கம் செய்தது. இதில் கம்பெனி பரிசு கொடுத்தது என்று நான் சொல்லவில்லை. விற்றால் தனக்கு வருமானம் என்ற நிலையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குத் தன் மனத்தைத் தவிர வேறு காவல் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

கம்பெனிப் பரிசு என்றால் சென்னைக்குப் போக வேண்டும். ஊருக்குப் போய் வரும்போது ஜிங்கோவிட் சத்து மாத்திரை வாங்கி வராத குடும்பம் நம்மில் குறைவு. அதைத் தயாரிக்கும் அபெக்ஸ் லேபரட்டரீஸ் சென்னைக் கம்பெனி. அந்த மாத்திரையைப் பற்றி மருத்துவர்களுக்கு 'விழிப்புணர்வு' ஊட்ட, தங்க நாணயம், குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சிப் பெட்டி என்றெல்லாம் கொடுத்திருந்தது. 2010-2011 வரி மதிப்பீட்டு ஆண்டுக்கு அந்த வகையில் சுமார் 4.72 கோடி ரூபாயைத் தொழில் செலவாகக் காட்டி வரிச் சலுகை கேட்டது. வருமான வரித்துறை மறுத்தது. சென்னை உயர் நீதிமன்றத்திலும் தோற்று, வழக்கு டெல்லிக்குப் போனது.

கம்பெனி வைத்த வாதத்தைக் கேளுங்கள். பரிசு வாங்கக்கூடாது என்று 2009 டிசம்பரில் இந்திய மருத்துவ மன்றம் போட்ட விதி மருத்துவரைத்தான் கட்டுப்படுத்தும், கொடுக்கிற எங்களை அல்ல என்றது! 2022 பிப்ரவரி 22ஆம் தேதி நீதிபதிகள் யு.யு. லலித், எஸ். ரவீந்திர பட் இருவரும் அதை ஏற்கவில்லை. வாங்குவது குற்றமென்றால் கொடுப்பது மட்டும் எப்படி நேர்மையான செலவாகும் என்பது அவர்கள் நிலை. மருத்துவரின் சீட்டை நோயாளி கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்கிறார் என்றும், இந்தப் பரிசுகளின் செலவு மருந்து விலையில்தான் ஏறுகிறது என்றும் அவர்கள் சொன்னார்கள். ஆக, மருத்துவர் வீட்டுத் தங்க நாணயத்துக்கு நாம்தான் பணம் கட்டியிருக்கிறோம்.

அமெரிக்கா வேறு வழியைப் பிடித்தது. 2010ல் இயற்றிய சட்டத்தின்படி, எந்தக் கம்பெனி எந்த மருத்துவருக்கு எவ்வளவு கொடுத்தது என்ற கணக்கு 2014 முதல் பொதுமக்கள் பார்வைக்கு வருகிறது. ஒரு வேளைச் சாப்பாட்டுக் கணக்குகூட அதில் இருக்கும். இந்தியா 2024 மார்ச்சில் மருந்து விற்பனை நெறிமுறைகளைப் புதுப்பித்து, மருத்துவருக்குப் பரிசும் உல்லாசப் பயணமும் கூடாது என்றது. எழுதி வைத்ததைக் கண்காணிக்கும் வேலையை மருந்துக் கம்பெனிகளின் சங்கங்களிடமே விட்டிருப்பதுதான் எனக்கு இடிக்கிறது.

இங்கே, நம் மருந்தகத்திலேயே மாத்திரை வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சீட்டு மட்டும் போதும் என்று கேட்டு, வேறு மருந்துக்கடையில் விலை விசாரித்து வாங்கலாம். கேட்கத்தான் நம்மவர்களுக்குக் கூச்சம். டாக்டர் முகம் சுளிப்பாரோ என்று தயங்கி, பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறோம்.