ஐந்தாம் நாள் தீர்ந்துபோன மருந்து

போன ஆவணியில் ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவுக்கு உள்ளங்காலில் சீமைக்கருவேல முள் ஏறிவிட்டது. "இதெல்லாம் ஒரு விஷயமாடா" என்று ஊக்கால் நோண்டி எடுத்துப் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் முழங்கால் வரை வீங்கிச் சிவந்து, காய்ச்சல் 103-ஐத் தொட்டது. மருத்துவமனையில் சேர்த்து ஐந்து நாள் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தவர், காபியில் சர்க்கரை போதவில்லை என்று அம்மாவிடம் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்.

அந்த ஐந்து ராத்திரியும் வார்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரே ஒரு பெயர்தான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. ஆல்பர்ட் அலெக்ஸாண்டர். இங்கிலாந்தில் போலீஸ் கான்ஸ்டபிள், வயது 43. அவருக்கும் ஐந்து நாள்தான் மருந்து கிடைத்தது.

பெனிசிலின் என்றதும் நமக்குப் பள்ளிப் பாடம்தான் ஞாபகம் வரும். 1928, லண்டன், அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங், பூஞ்சை விழுந்த தட்டு. பாடம் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் அந்தப் பூஞ்சைச் சாற்றிலிருந்து மருந்தை நிலையாகப் பிரித்தெடுக்க ஃப்ளெமிங்கால் முடியவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் அது கிட்டத்தட்ட ஓர் ஆய்வகச் சரக்காகவே கிடந்தது.

1939-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் நோய்க்கூறியல் துறையில் மூன்று பேர் அதைக் கையில் எடுத்தார்கள். துறைத் தலைவர் ஹோவர்ட் ஃப்ளோரி, ஆஸ்திரேலியர். எர்ன்ஸ்ட் செயின், ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வந்த யூத வேதியியலாளர். மூன்றாமவர் நார்மன் ஹீட்லி. முப்பது வயதுகூட ஆகாத உயிர்வேதியியலாளர், கையால் எதையும் செய்து பார்க்கிற ஆள். எனக்கு இவர்தான் கதாநாயகன்.

1940 மே 25, சனிக்கிழமை. எட்டு எலிகளுக்குக் கொல்லும் அளவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை ஏற்றினார்கள். நாலுக்கு மட்டும் பெனிசிலின். ஹீட்லி ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தார். விடிவதற்குள் மருந்து கிடைக்காத நாலும் செத்துவிட்டன. கிடைத்த நாலும் உயிரோடு இருந்தன.

எங்கள் தொழிலில் ஒரு பழைய வசனம் உண்டு: "என் மெஷின்ல ஓடுதே!" ஓடும். ஆனால் வாடிக்கையாளரிடம் போனதும் படுத்துவிடும். ஓர் எலி 20 கிராம், ஒரு மனுஷன் 60 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 3000 மடங்கு. எலிக்குத் தேவையான மருந்தைச் சேர்க்கவே மாதக்கணக்கில் ஆனது. இதில் 3000 மடங்குக்கு எங்கே போவது? போர்க்காலம் வேறு, மருந்து கம்பெனிகளுக்கும் கை ஓயவில்லை. ஆக, பல்கலைக்கழகத் துறையையே தொழிற்சாலையாக மாற்ற வேண்டியதாயிற்று.

இங்கேதான் ஹீட்லி வருகிறார். இந்தப் பூஞ்சை திரவத்தின் மேற்பரப்பில் மட்டுமே படரும். அதனால் ஆழம் குறைந்த, அகலமான பாத்திரம் வேண்டும். தேடிப் பார்த்ததில் பொருத்தமாக அமைந்தது எது தெரியுமா? மருத்துவமனை பெட்பேன். அந்த வடிவத்தையே கொஞ்சம் மாற்றி அடுக்கி வைக்கிற மாதிரி ஹீட்லி வரைந்து கொடுக்க, ஒரு பீங்கான் கம்பெனி செய்து தந்தது. 1940 கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் முதல் 174 பாத்திரங்கள் வந்து சேர்ந்தன. அதைப் பராமரிக்க ஆறு இளம்பெண்களை வேலைக்கு வைத்தார்கள்.

சாற்றிலிருந்து மருந்தைப் பிரிக்கிற வழியும் ஹீட்லியுடையது. சாற்றைக் குளிர வைத்து அமிலமாக்கினால் பெனிசிலின் ஈதர் மாதிரியான கரைப்பானுக்குள் போய்விடும். அந்தக் கரைப்பானை அமிலமில்லாத தண்ணீரோடு சேர்த்தால் மறுபடியும் தண்ணீருக்கு வந்துவிடும். அழுக்கில் பெரும்பகுதி வழியிலேயே தங்கிவிடும். இதற்காக அவர் கட்டிய இயந்திரத்தில் பால் கேன், குளியல் தொட்டி, கண்ணாடிக் குழாய்கள் எல்லாம் இருந்தன. சட்டம், பல்கலைக்கழக நூலகம் கழித்துக்கட்டிய பழைய புத்தக அலமாரி. புட்டி காலியானால் சொல்ல வாசல் மணி ஒன்று. சத்தியமாக இப்படித்தான்.

மனிதரில் முதல் ஊசி 1941 ஜனவரியில், பல்கலைக்கழகத்தோடு இணைந்த ராட்கிளிஃப் மருத்துவமனையில். புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருந்த ஒரு பெண்மணி. இந்த ஊசியால் அவருக்கு ஒரு பலனும் இல்லை என்பதைச் சொல்லித்தான் கேட்டார்கள். அவர் சம்மதித்தார். ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வந்தன. காரணம் மருந்தில் கலந்திருந்த அழுக்கு என்று கண்டுபிடித்து இன்னும் சுத்தம் செய்தார்கள். குணமாக வாய்ப்பே இல்லாத ஒருவர் அடுத்தவருக்காகத் தாங்கிக்கொண்ட குளிர் அது.

அதே மருத்துவமனையில்தான் அலெக்ஸாண்டர் படுத்திருந்தார். ரோஜா முள் கீறியதில் ஆரம்பித்தது என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். நானும் பத்துப் பேருக்காவது இந்த முள் கதையைச் சொல்லியிருப்பேன். ஆனால் மருத்துவர்கள் அப்போதே எழுதிய அறிக்கையில் இருப்பது வாயோரத்தில் வந்த ஒரு புண், அவ்வளவுதான். சவுத்தாம்டனில் பணியில் இருந்தபோது ஜெர்மன் குண்டுவீச்சில் பட்ட காயம் என்று அவருடைய மகள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். எப்படி வந்திருந்தாலும் முகம், தலை எல்லாம் சீழ். ஒரு கண்ணை எடுத்தாகிவிட்டது. அன்றிருந்த சல்ஃபா மருந்து வேலை செய்யவில்லை.

பிப்ரவரி 12. இளம் மருத்துவர் சார்லஸ் ஃப்ளெட்சர் முதலில் 200 மில்லிகிராம் ஏற்றினார். பிறகு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை 100. ஒரே நாளில் மாற்றம் தெரிந்தது. அடுத்தடுத்த நாட்களில் காய்ச்சல் இறங்கியது, சீழ் வற்றியது, சாப்பிட ஆரம்பித்தார்.

ஆனால் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. பெனிசிலினைச் சிறுநீரகம் வேகமாக வெளியேற்றிவிடும், அதுவும் பெரும்பாலும் உருமாறாமல். ஆகவே அலெக்ஸாண்டரின் சிறுநீரைச் சேகரித்து, சைக்கிளில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், அதிலிருந்து மருந்தைத் திரும்ப எடுத்து அவருக்கே ஏற்றினார்கள். அப்படியும் ஐந்தாம் நாள் தீர்ந்துவிட்டது. மொத்தம் கொடுத்தது 4.4 கிராம். ஒரு டீஸ்பூன் அளவு இருக்கலாம். சில நாட்கள் அப்படியே தாக்குப்பிடித்தார். அப்புறம் தொற்று நுரையீரலில் தலைதூக்கியது. மார்ச் 15-ஆம் தேதி இறந்துபோனார்.

அடுத்து பெரும்பாலும் குழந்தைகளையே தேர்ந்தெடுத்தார்கள். சின்ன உடம்புக்குக் கொஞ்சம் மருந்து போதும். எவ்வளவு கையில் இருக்கிறதோ அதை வைத்துத்தான் யாரைக் காப்பாற்றுவது என்ற கணக்கு. அந்த ஆண்டு ஆகஸ்டில் லான்செட் இதழில் வந்த கட்டுரையில் அலெக்ஸாண்டரின் மரணத்தையும் சேர்த்தே எழுதினார்கள். வீக்கம் வடிவதும் தொற்று அழிவதும் ஒன்றல்ல, பாதியில் நிறுத்தினால் திரும்பி வரும் என்பதை மருத்துவ உலகம் அவரிடமிருந்துதான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தது. எலிகள் இதைச் சொல்லித்தரவில்லை. அப்பா மூன்றாம் நாளே "வீக்கம் வத்திருச்சே, இன்னும் எதுக்கு ஊசி?" என்று டாக்டரிடம் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது அதனால்தான்.

கட்டுரை வருவதற்கு முன்பே, கோடையில், ஃப்ளோரியும் ஹீட்லியும் பூஞ்சையோடு அமெரிக்காவுக்குப் பறந்துவிட்டார்கள். அங்கே பெரிய தொட்டிகளில் உற்பத்தி பெருகி, போர் முடிவதற்குள் மருந்து தாராளமாகிவிட்டது. 1945 நோபல் பரிசு ஃப்ளெமிங், ஃப்ளோரி, செயின் மூவருக்கும். அந்த மூவரில் ஹீட்லி இல்லை. ஹீட்லிக்கு ஆக்ஸ்போர்டு 1990-இல் கௌரவ மருத்துவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் 800 ஆண்டு வரலாற்றில் மருத்துவர் அல்லாத ஒருவருக்கு அது கிடைத்தது அப்போதுதான். ஐம்பது வருஷம் ஆகியிருக்கிறது.

ஒரு மருந்து வேலை செய்கிறது என்று நிரூபிப்பது ஒரு வேலை. அது ஆறாம் நாளும் அலமாரியில் இருக்கும்படி செய்வது வேறு வேலை. பாடப்புத்தகம் முதலாவதை மட்டும்தான் சொல்கிறது. இரண்டாவது வேலை முடிவதற்குள் அலெக்ஸாண்டரின் காலம் முடிந்துவிட்டது.

அப்பாவுக்கு ஏற்றியதும் பெனிசிலின் குடும்பத்து மருந்துதான். கடைசி நாள் ஊசி முடிந்ததும் நர்ஸ் அந்தக் குப்பியைக் குப்பைக்கூடையில் போட்டார். அடியில் நாலைந்து சொட்டு மிச்சம் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "என்ன சார், ஏதாவது வேணுமா?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன்.