தீயில் எரிந்த வீடும் திரையில் எழுந்த வீடுகளும்

1991 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து மலைச்சரிவுகளில் காட்டுத்தீ பரவியது. 25 பேர் இறந்தனர். ‘சிம் சிட்டி’ விளையாட்டை உருவாக்கிய வில் ரைட்டின் வீடும் சாம்பலானது. இழந்த பொருட்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கும்போது, ஒரு குடும்பத்துக்கு உண்மையில் என்னென்ன வேண்டும் என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது.

கட்டடக்கலை அறிஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரின் எழுத்தும் அவரைக் கவர்ந்திருந்தது. இதிலிருந்து பிறந்த புதிய விளையாட்டில் வீடு கட்டுவதுதான் ரைட்டின் முதல் திட்டம். மனிதர்கள் அந்த வீட்டின் நிறைகுறையை எடைபோட வந்தவர்கள் மட்டுமே. ஆனால் எடைபோட வந்தவர்களே சுவாரசியமாகிவிட்டார்கள்!

2000 பிப்ரவரியில் அந்த விளையாட்டு ‘தி சிம்ஸ்’ என்ற பெயரில் வெளியானது. புதுக் குடும்பத்தின் கையில் 20,000 சிமோலியன் என்னும் விளையாட்டுப் பணம். அதற்குள் மனை வாங்கி, சுவர் எழுப்பி, அடுப்பும் கட்டிலும் போட வேண்டும். பசி, தூக்கம் போல அறையின் தரமும் அங்கே ஒரு தேவை. இருட்டறையில், நெருக்கடியில் குடியிருப்பவரின் மனம் வாடும். வழியை மறித்து நாற்காலி போட்டால் அவர் கையை ஆட்டிக் கத்துவார். நல்ல வீடு எது என்பதைப் பாடப்புத்தகமே இல்லாமல் சிறுவர்களுக்கும் புரியவைத்த ஏற்பாடு இது. விளையாட்டு உலகின் மிகச்சிறந்த வடிவமைப்புகளில் ஒன்றென இதைத் தயங்காமல் சொல்லலாம்.

அடுத்தடுத்த பாகங்கள் 2004, 2009 ஆண்டுகளில் வந்தன. 2014-இல் வந்த நான்காம் பாகத்தில் முழு அறையையே பிடித்து நகர்த்தலாம். கட்டிய வீட்டைப் பிற ஆட்டக்காரர்களுக்கும் கொடுக்கலாம்.