கிச்சன் மேடைக்கு கிரானைட் போடப்போறீங்களா? ஜாயின்ட் எங்கே வரணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க!

கிரானைட் கலரைத் தேர்வு செய்ய நாலு கடை ஏறி இறங்குகிறோம். ஆனால், கல்லில் ஜாயின்ட் எங்கே வரும் என்று பலரும் கேட்பதில்லை. அறுத்த பிறகு மாற்ற முடியாது. தப்பான இடத்தில் வந்துவிட்டால் கறை, நீர்க்கசிவு, கரப்பான் பூச்சி என தினமும் தொல்லைதான்.

ஜாயின்ட் இல்லாமல் போட முடியாதா?

நேர் மேடை என்றால் முடியும். மேடையை விட நீளமான ஸ்லாப் கிடைத்தால் போதும். 'எல்' வடிவ மேடைக்குத்தான் சிக்கல். ஒரு பக்கம் 10 அடி, இன்னொரு பக்கம் 8 அடி என்றால், ஒரே கல்லாக எடுக்க 10-க்கு 8 அடி ஸ்லாப் வேண்டும். அவ்வளவு அகலத்தில் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் பாதிக்கு மேல் வீணாகும். உள்மூலையில் விரிசல் விழவும் வாய்ப்பு உண்டு.

எங்கே வரக்கூடாது?

சிங்க்: குழி வெட்டியதும் முன்னும் பின்னும் சில அங்குலக் கல்தான் மிஞ்சும். அதிலேயே ஜாயின்ட் வந்தால் பலம் குறையும், தண்ணீரும் இறங்கும்.

அடுப்பு: தொடர்ந்து சூடு பட்டால் ஜாயின்டில் நிரப்பிய எபாக்சி கெட்டுப்போகும்.

தேங்காய் உடைக்கும், இடிக்கும் இடம்: அதிர்வில் ஜாயின்ட் விட்டுப்போகும்.

அப்போ எங்கே வரலாம்?

'எல்' மேடைக்கு மூலைதான் வசதி. 2 அடி அகல மேடையில் நேராகச் சேர்த்தால் ஜாயின்ட் 2 அடியோடு முடியும். 45 டிகிரியில் சாய்த்து வெட்டினால் சுமார் 2 அடி 10 அங்குலம் வரும். பார்க்க அழகுதான், ஆனால் வேலை துல்லியமாக இருக்கணும். மூலையிலேயே சிங்க் வருகிறதா? ஜாயின்டைத் தள்ளி வையுங்கள். எங்கே வந்தாலும் அடியில் தாங்கு சுவரோ கடப்பா கல்லோ இருக்க வேண்டும்.

இதையும் கவனிங்க

கருப்பு கிரானைட்டில் ஜாயின்ட் அவ்வளவாகத் தெரியாது. கோடு, அலை டிசைன் கற்களில் பளிச்சென்று தெரியும். அதனால் இரண்டு துண்டையும் ஒரே ஸ்லாபில் எடுக்கச் சொல்லுங்கள். நிரப்ப வெள்ளை சிமென்ட் வேண்டாம், கறை பிடிக்கும். கல் நிறத்திலேயே எபாக்சி கேளுங்கள்.

அறுக்கும் முன் சிங்க், அடுப்பு, ஜாயின்ட் மூன்றையும் மேடையிலேயே சாக்பீஸால் குறித்து மேஸ்திரியிடம் காட்டுங்கள். வேலை முடிந்ததும் ஜாயின்ட் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். தட்டினால், பணம் கொடுக்கும் முன்பே சரிசெய்யச் சொல்லிடுங்க.