ஆகஸ்ட் பத்தும் ஆகஸ்ட் பதினைந்தும்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



ஆகஸ்ட் 15 நமக்கு இரட்டைத் திருநாள். காலையில் அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாத் திருப்பலி. அது முடிந்த கையோடு ஆலய வளாகத்தில் கொடியேற்றம். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கிறோம். இது மாதாவுக்கான மிட்டாயா, சுதந்திரத்துக்கான மிட்டாயா என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை.

பெரியவர்கள்தாம் கேட்கிறார்கள். "நீங்கள் முதலில் இந்தியரா, கிறிஸ்தவரா?" தேநீர்க் கடையில் கேட்கிறார்கள், தொலைக்காட்சி விவாதத்தில் கேட்கிறார்கள். நம் இளைஞர்கள் சிலர் இதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் வீட்டுக்கு வந்து வருந்துகிறார்கள். நாட்டுப்பற்று, விசுவாசம், அரசு ஆகிய மூன்றும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்பதை நம் ஊரின் வரலாற்றை வைத்தே இன்று சிந்திப்போம்.

1801ஆம் ஆண்டு ஜூன் 16. திருச்சிக் கோட்டை வாசலிலும், ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. சிவகங்கைச் சீமையின் சின்ன மருது விடுத்தது. ஜம்புத்தீவுப் பிரகடனம் என்று இன்று அதைச் சொல்கிறோம். நவாபு முகமது அலி வெள்ளையருக்கு இடம் கொடுத்து நாட்டை இழந்தார், மக்கள் வறுமையில் விழுந்தார்கள், எல்லாச் சாதியாரும் முஸ்லிம்களும் ஒன்றுசேர்ந்து எழ வேண்டும் என்பது அதன் சாரம். இந்தத் தாளைக் கிழிப்பவன் பெரும் பாவத்துக்கு ஆளாவான் என்றும் அதில் எழுதியிருந்தது. சிறையில் தள்ளுவோம் என்று மிரட்ட மருதுவுக்குத் திருச்சியில் அரசு இல்லை. பாவம் என்று சொன்னால் மக்கள் கை வைக்க மாட்டார்கள் என்று நம்பினார். அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள்.

அந்த அறிவிப்பு அழைத்தவர்களின் பட்டியலில் கிறிஸ்தவர் இல்லை. அதற்காக மருதுவை நாம் குறைசொல்ல முடியாது. சருகணி ஆலயத்துக்கு மானியம் தந்தவர்கள் என்று அந்தப் பகுதி விசுவாசிகள் மருது சகோதரர்களை இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள். ஆனால் ஊர்க்கண்ணுக்கு நாம் வெள்ளைக்காரனின் வேதக்காரர்களாகவே தெரிந்தோம். அதற்குக் காரணமும் இருந்தது. தூய வளனார் கல்லூரி 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தவர்கள் பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள். அதன் மண்டபங்களுள் ஒன்று லாலி என்ற ஆங்கிலேய கவர்னரின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

அந்தக் கல்லூரியில் 1930களில் முதல்வராக இருந்தவர் அருட்தந்தை ஜெரோம் டிசூசா. 1897இல் மங்களூரில் பிறந்தவர், இயேசு சபைக் குரு. பின்னர் சென்னை இலொயோலா கல்லூரியின் முதல்வர் ஆனார். 1946 டிசம்பர் 9 அன்று டில்லியில் கூடிய அரசியல் நிர்ணய சபையில், சென்னை மாகாணத்தின் உறுப்பினராக அமர்ந்தார். ஐக்கிய நாடுகள் சபைக்குப் போன இந்தியக் குழுவிலும் இடம்பெற்றார். இன்று நம் பங்குகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? குருமடத்தில் நாம் வத்திக்கான் சங்க ஏடுகளை வரி வரியாகப் படித்தோம். அரசியல் நிர்ணய சபை விவாதங்களை யாரும் நம் கையில் கொடுக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டும்.

1948 டிசம்பர் 6 அன்று அந்தச் சபையில் நடந்ததைக் கேளுங்கள். இன்று 25ஆம் பிரிவாக இருக்கும் சமயச் சுதந்திரம் பற்றிய விவாதம். மனசாட்சிச் சுதந்திரம் இருக்கட்டும், வழிபடும் உரிமையும் இருக்கட்டும், 'பரப்பும் உரிமை' என்ற சொல் எதற்கு என்று ஒரிசாவின் லோகநாத் மிஸ்ரா கடுமையாக எதிர்த்தார். கிறிஸ்தவர்கள் மட்டும் எழுந்து பதில் சொல்லியிருந்தால் அது ஒரு சிறுபான்மையின் கூக்குரலாக முடிந்திருக்கும். ஆதரித்து எழுந்தவர்களோ இந்துக்கள். மதுரைப் பக்கத்து எல். கிருஷ்ணசாமி பாரதி ஆதரித்தார். கே. எம். முன்ஷி ஆதரித்தார். இந்திய கிறிஸ்தவ சமூகம் மிகவும் வலியுறுத்திய சொல் இது, சிறுபான்மையினரோடு கண்ட உடன்பாட்டின் பகுதி, இதைக் காக்க வேண்டும் என்றார் முன்ஷி.

சென்னையின் டி. டி. கிருஷ்ணமாச்சாரியும் பேசினார். வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். தாம் 14 ஆண்டுகள் கிறிஸ்தவப் பள்ளி, கல்லூரிகளில் படித்ததாகவும், தம்மை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்றும் சாட்சி சொன்னார். அவர் சொன்னது நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து நம் மலைக்கோட்டை நிழலில் இராமேஸ்வரத்து முஸ்லிம் மாணவர் அப்துல் கலாமும், ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டுப் பிள்ளை ரங்கராஜனும் அதே தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்தார்கள். ஒருவர் குடியரசுத் தலைவர் ஆனார், மற்றவர் எழுத்தாளர் சுஜாதா ஆனார். கலாம் கடைசிவரை தொழுதார். சுஜாதா கடைசிவரை ஆழ்வார்களைப் பற்றி எழுதினார்.

ஆனால் கிருஷ்ணமாச்சாரி இன்னொன்றும் சொன்னார். நாம் இன்று நின்று கவனிக்க வேண்டியது அதுதான். தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவர் கிறிஸ்தவர் ஆனால், உயர்சாதி இந்துவுக்கு எல்லாவற்றிலும் சமமானவர் ஆகிவிடுகிறார். அந்த நிலையை நாமே அவர்களுக்குக் கொடுத்துவிட்டால், உண்மையான விசுவாசத்தால் மாறுபவரைத் தவிர வேறு யாரும் மாற மாட்டார்கள் என்பது அவர் வாதம். நம் சார்பாக ஓர் அயலார் நாட்டின் முன் கொடுத்த நற்சான்று இது. அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டு மே மாதம் இன்னொரு கேள்வி வந்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 8 தனித்தொகுதிகள் இருந்தன. கிறிஸ்தவப் பெண் ஒருவருக்கும் ஓர் இடம் உண்டு. கிறிஸ்தவர் நிற்பார், கிறிஸ்தவர் மட்டும் வாக்களிப்பார். 1947 ஆகஸ்டில் தனி வாக்காளர் முறை போயிற்று, ஒதுக்கீடு மட்டும் தங்கியது. 1949 மே மாதம் அந்த ஒதுக்கீடும் வேண்டாம் என்ற தீர்மானம் வந்தபோது கிறிஸ்தவத் தலைவர்கள் அதை மனமுவந்து ஏற்றார்கள். சபையின் துணைத்தலைவர், வங்காளக் கிறிஸ்தவர் ஹெச். சி. முகர்ஜி முன்னின்றார். ஜெரோம் சுவாமியும் ஆதரித்தார். பிரிவினையின் இரத்தம் காயாத நேரம். ஒரு சிறுபான்மைச் சமூகம், கையில் இருந்த இடங்களை விட்டுக்கொடுத்து, பக்கத்து வீட்டுக்காரர் நமக்கும் வாக்களிப்பார் என்று நம்பியது. நாட்டுப்பற்றுக்கு நாம் காட்டக்கூடிய சான்று இதைவிடப் பெரிதாக வேறு இல்லை என்பது நம் எண்ணம். கொடியை உயரமாக ஏற்றுவது எளிது. அயலார் கையில் நம்மை ஒப்படைப்பது அத்தனை எளிதல்ல.

இடையில் ஒரு செய்தி. 1949 அக்டோபர் 17 அன்று அரசியல் சாசனத்தின் முகவுரையை 'கடவுள் பெயரால்' என்று தொடங்க வேண்டும் என ஹெச். வி. காமத் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். திருவிதாங்கூரின் பட்டம் தாணு பிள்ளை, நம்பிக்கை விஷயத்தில் இது கட்டாயம் ஆகிவிடும் என்று எதிர்த்தார். வாக்கெடுப்பில் ஆதரவு 41, எதிர்ப்பு 68. சட்டத்தில் கடவுள் தோற்றுவிட்டாரே என்று சில நல்ல உள்ளங்கள் வருந்துவதைக் கேட்டிருக்கிறோம். நமக்கு வருத்தமில்லை. சீசரின் உருவம் பொறித்த நாணயத்தைச் சீசருக்குக் கொடுக்கச் சொன்ன நம் ஆண்டவர், இறைவனுக்கு உரியது எது என்பதைச் சீசரிடம் கேட்கச் சொல்லவில்லை. மனிதனின் மேல் பொறிக்கப்பட்டிருப்பது இறைவனின் உருவம் என்று தொடக்கத் திருச்சபைத் தந்தையர் அதற்கு விளக்கம் தந்தார்கள். அரசு கடவுள் பெயரை உச்சரிக்காவிட்டால் குடி முழுகிவிடாது. அந்த உருவத்தைத் தாங்கியவனை மிதிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். திருச்சபை சங்கம் கூடி, சமயச் சுதந்திரம் மனித மாண்பிலிருந்தே பிறக்கிறது என்று அறிக்கையிட்டது 1965 டிசம்பர் 7 அன்றுதான். நம் நாட்டுச் சபை அதற்கு 17 ஆண்டுகள் முந்திக்கொண்டது.

இனி ஆகஸ்ட் 10க்கு வருவோம்.

1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பட்டியல் சாதியினர் ஆணையை வெளியிட்டார். அதன் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் ஆக மாட்டார் என்றது. சில சீக்கியப் பிரிவினருக்கு மட்டும் அப்போது விலக்கு இருந்தது. 1956இல் சீக்கியர் எல்லாரும், 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றுவரை வெளியேதான். தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார். சேரி அதே சேரி, தொழில் அதே தொழில். ஆலயத்துக்குப் போனால் சலுகை போகிறது. அதனால்தான் நம் பங்குகளில் திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு பெயரும், பள்ளிப் பதிவேட்டில் வேறு பெயருமாகச் சில பிள்ளைகள் வளர்கிறார்கள். தன் விசுவாசத்தை மறைத்தால்தான் நாட்டில் தன் உரிமை கிடைக்கும் என்ற நிலையை ஒரு குடிமகனுக்கு அரசு உண்டாக்கக் கூடாது. 25ஆம் பிரிவு சொல்லும் மனசாட்சிச் சுதந்திரத்தோடு இந்த மூன்றாம் பத்தி பொருந்தவில்லை. மாற்றும்படி நம் ஆயர்கள் கேட்டு வருகிறார்கள். 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றமும் தீர்மானம் போட்டுக் கேட்டிருக்கிறது. ஆகஸ்ட் 10ஐ நாம் கருப்பு நாளாக அனுசரிப்பது நாட்டுக்கு எதிரான செயல் என்று யாராவது சொன்னால், சாசனத்தை எழுதியவர்களில் நம்மவரும் ஒருவர் என்று பணிவோடு சொல்லுங்கள்.

ஆனால் அந்த ஆணையின் பின்னால் உள்ள நினைப்பு எங்கிருந்து வந்தது? கிறிஸ்தவத்தில் சாதி இல்லை, ஆகவே அங்கே தீண்டாமைக்கு உள்ளானவர் இல்லை என்பதே அந்த நினைப்பு. கிருஷ்ணமாச்சாரி நமக்குக் கொடுத்த நற்சான்றின் மறுபக்கம் இது. அரசு நம் பிரசங்கத்தை நம்பியது. நம் தெருக்களை வந்து பார்க்கவில்லை.

1985இல் உச்ச நீதிமன்றம் பார்க்கக் கேட்டது. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த ஒரு கிறிஸ்தவத் தொழிலாளி தொடுத்த வழக்கு. மற்றத் தொழிலாளர்களுக்கு இலவசமாகக் கிடைத்த பெட்டிக்கடை, மதத்தின் காரணமாக அவருக்கு மட்டும் மறுக்கப்பட்டது. இந்து சமூகத்தில் பட்ட அதே கொடுமை கிறிஸ்தவ சமூகத்திலும் அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதுமான சான்று காட்டப்படவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் வழக்கில் தோற்றார்.

அன்பர்களே, இங்கே நாம் அகப்பட்டுக்கொண்ட இடத்தைப் பாருங்கள். நம் தலித் சகோதரருக்கு நீதி கிடைக்க வேண்டுமானால், நம் ஆலயத்துக்குள் சாதி இருக்கிறது என்று நாமே நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். இல்லை என்று பெருமையாகச் சொன்னால் அவர் தோற்கிறார். சான்றுக்கு வெகுதூரம் போக வேண்டியதுமில்லை. இறந்தவர்களையும் சாதி பார்த்துப் பிரிக்கும் கல்லறைச் சுவரைப் பற்றி நம் திருச்சி நாளிதழ்களிலேயே படித்திருக்கிறோம். தேர் எந்தத் தெரு வரை போகும், எங்கே திரும்பும் என்று ஒவ்வோர் ஊரிலும் பெரியவர்களுக்குத் தெரியும். "அதெல்லாம் பழக்கம் சாமி" என்பார்கள். 1950இல் அரசு செய்த தவறு ஒரு தாளில் இருக்கிறது; நாடாளுமன்றம் நினைத்தால் ஒரே நாளில் அடித்துவிடலாம். சுவரை இடிக்க நாடாளுமன்றம் வராது, வரவும் கூடாது. தேர் எந்தத் தெருவில் ஓட வேண்டும் என்று நம் ஆலயத்துக்கு அரசு ஆணை அனுப்பும் நாள் வந்தால், ஜெரோம் சுவாமி நின்று வாங்கிய சுதந்திரத்தை நாமே கைநழுவ விட்டதாக ஆகும்.

மக்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறோம். இந்த ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று மாலை மனுவில் கையெழுத்திட வருபவர்கள், கையெழுத்துக்குப் பின் பங்குப் பேரவைக் கூட்டத்துக்கும் இருக்க வேண்டும். கூட்டத்தின் ஒரே பொருள் திருவிழாத் தேரின் பாதை. ஆகஸ்ட் 15 கொடியேற்றம் வழக்கம்போல் திருப்பலி முடிந்ததும் நடக்கும். நவம்பர் 2 கல்லறை மந்திரிப்பு இம்முறை பின்வாசல் வரிசையிலிருந்து தொடங்கும்.