பல்லடுக்கு வன்பூச்சு

பல்லடுக்கு வன்பூச்சு என்பது வெட்டும் கருவிகள், வார்ப்பு அச்சுகள் முதலியவற்றின் மேற்பரப்பில் ஒன்றன் மேல் ஒன்றாகப் படியவைக்கப்படும் கடினமான மெல்லிய படலங்களின் தொகுதி ஆகும். இதன் மொத்தத் தடிமன் பொதுவாக 2 முதல் 20 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். இது மனிதத் தலைமயிரின் தடிமனைவிடக் குறைவு.

தேவை

உலோகத்தை வெட்டும்போது கருவியின் முனை உராய்வு, உயர் வெப்பம், ஆக்சிசனேற்றம் ஆகிய மூன்றையும் ஒருசேர எதிர்கொள்கிறது. இவை அனைத்தையும் தனியொரு பொருளால் தாங்க இயலாது. எனவே பணிகள் அடுக்குகளுக்கிடையே பகிரப்படுகின்றன. டங்ஸ்டன் கார்பைடு முனைகளில் பயன்படும் ஓர் அமைப்பு பின்வருமாறு:

* உள் அடுக்கு: டைட்டானியம் கார்போநைட்ரைடு. அடிப்பொருளுடன் நன்கு பிணைந்து தேய்மானத்தைத் தடுக்கிறது.
* நடு அடுக்கு: அலுமினியம் ஆக்சைடு. வெப்பத்தையும் வேதி வினைகளையும் தடுக்கிறது.
* மேல் அடுக்கு: டைட்டானியம் நைட்ரைடு. இதன் பொன்னிறம் மங்கியிருப்பதைக் கொண்டு பயன்படுத்திய முனையை அடையாளம் காணலாம்.

மேலும், ஓர் அடுக்கில் தோன்றும் விரிசல் அடுத்த அடுக்கின் எல்லையில் திசை திரும்புவதால் அடிப்பொருளை எளிதில் எட்டுவதில்லை.

படியவைக்கும் முறைகள்

வேதி ஆவிப் படிவு முறையில் வளிமங்கள் சுமார் 1000 பாகை செல்சியசில் வினைபுரிந்து படலமாகின்றன. இம்முறையில் டைட்டானியம் கார்பைடு பூசிய கருவிமுனைகள் 1969 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தன. ஆனால் சுமார் 550 பாகையில் பதப்படுத்தப்படும் அதிவேக எஃகு, இவ்வெப்பத்தில் தன் கடினத்தன்மையை இழந்துவிடும். ஆகையால் அதற்கு இயற்பியல் ஆவிப் படிவு முறை பயன்படுகிறது. இதில் வெற்றிடக் கலத்தினுள் மின்வில் அல்லது அயனி மோதல் மூலம் உலோகம் ஆவியாக்கப்பட்டு, 500 பாகை அல்லது அதற்கும் குறைந்த வெப்பநிலையில் படியவைக்கப்படுகிறது.

நானோ அடுக்குகள்

மீள்தன்மையில் வேறுபட்ட மிக மெல்லிய அடுக்குகளை மாறி மாறி அமைத்தால் திண்மத்தின் வலிமை கூடும் என்று 1970 இல் கோலர் என்னும் இயற்பியலாளர் முன்மொழிந்தார். 1987 இல் வெளியான ஆய்வொன்றில், சுமார் 5 நானோமீட்டருக்கு ஒருமுறை மீண்டும் வருமாறு அமைந்த டைட்டானியம் நைட்ரைடு, வனேடியம் நைட்ரைடு அடுக்குகள், அவை தனித்தனியே கொண்டுள்ள கடினத்தன்மையைப் போல் இரு மடங்குக்கும் மேல் காட்டின. படிகக் குறைபாடுகள் அடுக்கின் எல்லையைக் கடந்து நகர இயலாமையே இதற்கு முதன்மைக் காரணம் ஆகும்.

வரம்புகள்

தடிமன் கூடக்கூடப் பூச்சினுள் தகைவு மிகுந்து அது உரிந்துவிடக்கூடும். மென்மையான அடிப்பொருளின் மீது இட்ட வன்பூச்சு, சுமை ஏறும்போது முட்டை ஓடு போல நொறுங்கும். எனவே எஃகுப் பரப்பை முதலில் நைட்ரசனேற்றம் செய்து கடினமாக்கியபின் பூச்சிடுவதும் உண்டு.