உழாத நிலம் காத்த அந்துப்பூச்சி

தென்கிழக்கு ஆஸ்திரேலியப் புல்வெளிகளில் வாழும் கோல்டன் சன் மாத் என்ற அந்துப்பூச்சிக்கு வளர்ந்த பருவத்தில் இரை உண்ணும் வாய் கிடையாது. மண்ணிலிருந்து வெளிவந்தபின் அது உயிரோடிருப்பது ஏறத்தாழ 1 முதல் 4 நாள்தான். உச்சி வெயிலில் ஆண் பூச்சிகள் தாழப் பறந்து இணை தேடும். பெண் பூச்சி தரையில் அமர்ந்தபடி ஆரஞ்சு நிறப் பின்சிறகைக் காட்டி அழைக்கும். பின் புல்லின் தூரில் முட்டையிட்டு மடியும். புழுப் பருவம் முழுவதும் மண்ணுக்கடியில், வாலபி புல்லின் வேரைத் தின்றபடி கழிகிறது. ஏர் ஓடினால் அந்தத் தலைமுறை அழியும். ஆண் பூச்சியே வாழிடத்தைவிட்டு 100 மீட்டருக்கு மேல் பறப்பது அரிது என்பதால், இழந்த இடத்துக்கு வேறு கூட்டம் வந்து சேர்வதும் கடினம். ஆகவே இந்தப் பூச்சி எங்கே மிஞ்சியது என்று பார்த்தால், எந்த நிலம் உழவுக்குத் தப்பியது என்பது தெரியும்.

அந்தப் புல்வெளி மனிதக் கை படாத காடாக ஒருபோதும் இருந்ததில்லை. பழங்குடியினர் அளவறிந்து தீயிட்டனர். முர்னாங் கிழங்குக்காக மண்ணைக் கிளறினர். 1835இல் குடியேறிகள் மெல்போர்ன் பகுதிக்கு ஆட்டு மந்தைகளுடன் வந்தனர். பிரான்சிஸ் வாக்கர் 1854இல் இப்பூச்சிக்கு அறிவியல் பெயர் சூட்டியபோதே அதன் நிலம் கைமாறிக்கொண்டிருந்தது. பின்னர் கலப்பையும் சூப்பர் பாஸ்பேட் உரமும் நகர விரிவாக்கமும் பெரும்பகுதியை விழுங்கின. எஞ்சியவை கல்லறைத் தோட்டங்கள், ரயில் பாதையோரங்கள், மேய்ச்சலுக்கு மட்டும் விடப்பட்ட நிலங்கள், கான்பெராவில் அரசுக் கட்டடங்களுக்கு இடையே உள்ள யார்க் பார்க் போன்ற துண்டுகள்.

அப்படியானால் வேலியிட்டு விட்டுவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. மேய்ச்சலோ தீயோ புல்வெட்டோ இல்லாவிட்டால் புல் அடர்ந்து, தூர்களுக்கு நடுவே பூச்சிக்குத் தேவையான வெற்றுத்தரை மூடிவிடும். அயல்நாட்டுக் களையான சிலி ஊசிப்புல்லிலும் இது வாழ்கிறதே, 2002இல் மிக அருகிய இனமாக இருந்தது 2021இல் இரண்டு படி தணிந்த பட்டியலுக்கு மாற்றப்பட்டதே என்றும் வாதிடுவர். ஆனால் பல இடங்களில் தேடியதால் பல கூட்டங்கள் தெரியவந்தன. அதனால் புல்வெளியின் பரப்பு கூடிவிடவில்லை. களையில் பிழைத்தாலும், சாலைகளும் வீடுகளும் சூழ்ந்த துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு அதனால் போக முடியாது. வெற்று நிலம் என்று மனைபோடும் முன் அதன் உழவு வரலாற்றைக் கேட்பதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும்.